அவையோர் மௌனம்

கருத்தரங்கு என்பது நம் செவிக்குப் பழகிய சொல். அது நம் ஊர்களில் நடைபெறும் முறையும் நாம் அறிந்ததே. காலை பத்து மணி என அழைப்பிதழ் கூறும். பதினொன்றரைக்குச் சிறப்பு விருந்தினர் வந்து சேர்வார். குத்துவிளக்கு ஏற்றப்படும், பொன்னாடைகள் போர்த்தப்படும், வாழ்த்துரைகள் ஒன்றையடுத்து ஒன்றாக நீளும். கட்டுரை படிக்க வந்தவர் பாதி படித்திருக்கையில் மேசைமணி அடிக்கப்படும். ஐயங்கள் இருப்பின் உணவு இடைவேளையில் கேட்டுத் தெளியலாம் என்ற அறிவிப்போடு நன்றியுரை தொடங்கிவிடும். உணவு இடைவேளையில் சாம்பாரைப் பற்றியன்றி வேறெதைப் பற்றியும் எவரும் கேட்டதாக நாம் அறியோம்.

பல்கலைக்கழகங்களின் இயற்பியல், வானியல் துறைகளில் நடைபெறும் கருத்தரங்கு இவ்வகையைச் சேர்ந்ததன்று. வாரத்தில் குறித்த ஒரு நாள், குறித்த ஒரு மணி, ஒரு கரும்பலகை, முன்னரோ பின்னரோ தேநீர். துறையைச் சேர்ந்த ஒருவரோ, வெளியூரிலிருந்து வந்த ஒருவரோ தாம் ஈடுபட்டிருக்கும் ஆய்வைப் பற்றிப் பேசுவார். முடிந்த வேலையை மட்டுமன்று, முடியாமல் தவிக்கும் வேலையையும் எடுத்துரைப்பார். அவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் பல இடங்களில் இல்லை. மூன்றாவது வரியிலேயே ஒருவர் கையை உயர்த்தி, இந்தச் சமன்பாடு எங்கிருந்து வந்தது எனக் கேட்கலாம். கேட்பவர் முதலாண்டு ஆய்வு மாணவராகவும், விடை சொல்ல வேண்டியவர் உலகறிந்த பேராசிரியராகவும் இருக்கலாம். கூட்டம் கலைந்த பின்னரும் அதே கேள்வி தேநீர்க் குவளையோடு தாழ்வாரத்தில் தொடரும்.

இவ்வழக்கத்தை நமக்கு விளக்கியவர், நம் பங்கிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் சென்று இயற்பியலில் முதுகலை பயின்ற மாணவி ஒருவர். அவர் சொன்னவற்றுள் ஒன்று நம் மனத்தில் தங்கிவிட்டது. முதல் ஆறு மாதங்கள் அவர் வாயே திறக்கவில்லையாம். கேள்விகள் இல்லாமையால் அன்று. தம் கேள்வி தம் அறியாமையைக் காட்டிக்கொடுத்துவிடும் என்ற அச்சத்தால்.

அந்த அச்சத்தில் ஓர் அறநெறிச் சிக்கல் ஒளிந்திருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. வாய்மையைப் பற்றி மறையுரை ஆற்றும்போதெல்லாம் நாம் பேசுபவருக்கே அறிவுரை கூறுகிறோம்: பொய் சொல்லாதே, புறங்கூறாதே என்கிறோம். கேட்பவருக்கும் வாய்மை என ஒன்று உண்டா? உண்மையைத் தேடக் கூடிய ஓர் அவையில், பேசுபவருக்குக் கேட்பவர் எதைக் கடன்பட்டிருக்கிறார்?

இத்தகைய கருத்தரங்கு வேரூன்றிய வரலாறு ஒன்று நம் தமிழகத்திலேயே உண்டு. சென்னை மயிலாப்பூரில் லஸ் சர்ச் சாலை உள்ளது. நம் மக்கள் காட்டுக்கோயில் என வழங்கும் பிரகாச மாதா ஆலயத்தால் பெயர்பெற்ற சாலை அது. அச்சாலையில் 'ஏகாம்ர நிவாஸ்' என்னும் இல்லம், அரசியலமைப்பு வரைவுக் குழுவில் இடம்பெற்ற சர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயருடையது. அவருடைய மகன் அல்லாடி ராமகிருஷ்ணன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்தவர். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்தில் 1957-58ஆம் கல்வியாண்டைக் கழித்துத் திரும்பிய அவர், அங்குக் கண்ட கருத்தரங்கு முறையை இங்கும் நடத்த விழைந்தார். அதற்கெனக் கட்டடமும் இல்லை, நிதியும் இல்லை. எனவே தம் வீட்டிலேயே தொடங்கினார். மாணவர்கள் கூடினர், சென்னைக்கு வரும் அயல்நாட்டு அறிஞர்கள் அவ்வீட்டிற்கு அழைக்கப்பட்டனர். 1960 ஜனவரியில் டென்மார்க்கு நாட்டின் நீல்ஸ் போர் சென்னைக்கு வந்தபோது அம்மாணவர்களைச் சந்தித்தார். அணுவின் அமைப்பை ஆராய்ந்து 1922ஆம் ஆண்டின் நோபெல் பரிசு பெற்ற மேதை அவர். பம்பாயில் ஹோமி பாபா உருவாக்கிய மாபெரும் நிறுவனத்தோடு, சென்னையின் இச்சிறு மாணவர் குழுவையும் சேர்த்துப் பாராட்டிச் சென்றார். அச்செய்தி பிரதமர் நேருவை எட்டியது. அந்நாளைய மாநில அமைச்சர் சி. சுப்பிரமணியம் துணைநின்றார். 1962 ஜனவரி 3ஆம் நாள் கணித அறிவியல் நிறுவனம் மாநிலக் கல்லூரியில் தொடங்கப்பெற்றது. இன்று அது தரமணியில் இயங்குகிறது. ஒரு வீட்டில் நடந்த உரையாடல் நிறுவனமாயிற்று.

கருத்தரங்கு நடைபெறக் கரும்பலகைகூட வேண்டியதில்லை என்பதையும் நாம் கண்டிருக்கிறோம். 2019 டிசம்பர் 26, புனித முடியப்பர் திருநாள். அன்று காலை நிகழ்ந்த கங்கண சூரிய கிரகணத்தின் பாதை நம் புதுக்கோட்டை மாவட்டத்தின் வழியே சென்றது. விடுமுறைக்கு ஊர் வந்திருந்த அம்மாணவி, திருப்பலிக்குப் பின் கோயில் முற்றத்தில் ஓர் அட்டையில் துளையிட்டு, சூரியனின் உருவை வெள்ளைத் தாளில் விழச் செய்து காட்டினார். வேப்பமரத்தடியிலோ இலைகளின் இடுக்குகள் ஒவ்வொன்றும் ஒரு பிறையைத் தரையில் வரைந்திருந்தன. ஒன்பதரை மணியளவில் பிறைகள் வளையங்களாயின. அப்போது ஆடு மேய்க்கும் முதியவர் ஒருவர் கேட்டார்: "ஏம்மா, மறைக்கிறது அதே நிலாதானே? சில கிரகணத்துல சூரியன் முழுசா மறைஞ்சு இருட்டிப்போவுதுங்கிற. இன்னிக்கு மட்டும் ஏன் ஓரத்துல வளையத்த விட்டுட்டுது? நிலா தேஞ்சா போச்சு?"

இளைஞர்கள் சிரித்தனர். மாணவி சிரிக்கவில்லை. "தாத்தா கேக்குறதுதான் கேள்வி" என்றார். நிலவு பூமியைச் சுற்றும் பாதை சரியான வட்டமன்று. சில நாட்களில் அது ஏறத்தாழ 3,63,000 கிலோமீட்டர் அளவுக்கு நெருங்கும், சில நாட்களில் 4,05,000 கிலோமீட்டர் அளவுக்கு விலகும். விலகியிருக்கையில் அதன் வட்டு சிறிதாகத் தெரியும். சூரியனை முழுதாக மூட இயலாது. முதியவர் விடவில்லை. அப்படியானால் ஒவ்வோர் அமாவாசையிலும் கிரகணம் வரவேண்டுமே என்றார். நிலவின் பாதை ஏறக்குறைய ஐந்து பாகை சாய்ந்திருப்பதை, இரண்டு முறங்களைக் கையில் வாங்கி மாணவி விளக்கினார். சூரியனும் நிலவும் ஒரே அளவாகத் தோன்றும்படி அமைந்தது எதனால் என்று வேறொருவர் கேட்டபோது, அது தற்செயல் ஒற்றுமை என்பதற்கு மேல் தமக்குச் சொல்லத் தெரியவில்லை என்றார். கூட்டம் நம் பக்கம் திரும்பியது. அவ்வேளையில் இறையியல் பேசாதிருப்பதே நன்று எனக் கருதி நாமும் தரையிலிருந்த வளையங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

திருச்சபைக்கு இம்மரபு புதியதன்று. 13ஆம் நூற்றாண்டில் பாரிசு பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கு இருமுறை, திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும், இறையியல் ஆசிரியர்கள் பொது அவையில் அமர்ந்து, எவர் எதைப் பற்றிக் கேட்டாலும் விடையளிப்பது வழக்கமாய் இருந்தது. புனித தோமா அக்குவினாஸ் அவ்வாறு அமர்ந்தவர். அவருடைய பெருநூலின் அமைப்பும் அவ்வழக்கத்தின் வடிவமே. ஒவ்வொரு பொருளிலும் தம் கருத்தை மறுப்போரின் வாதங்களை முதலில், அவற்றின் முழு வலிமையோடும் வைத்த பின்னரே தம் விடையைத் தொடங்குகிறார். குருமடத்தில் நாம் அதைப் படித்தபோது அது வெறும் பாடமுறை என்றே எண்ணினோம். எதிர்ப்பவரை மதிக்கும் பிறரன்பும் அதில் அடங்கியிருப்பது பின்னரே விளங்கியது.

ஆனால் கருத்தரங்கு எப்போதும் பிறரன்பின் இடமாக இருப்பதில்லை. 1935 ஜனவரி 11ஆம் நாள் இலண்டனில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அன்று அரச வானியல் கழகத்தின் கூட்டத்தில் பேச எழுந்தவர் இருபத்து நான்கு வயதுத் தமிழர், சுப்பிரமணியன் சந்திரசேகர். நம் அண்டை மாவட்டமான திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமனின் அண்ணன் மகன். மயிலாப்பூரில் வளர்ந்து மாநிலக் கல்லூரியில் பயின்றவர். அவர் இவ்வாராய்ச்சிக்கு வந்ததும் ஓர் உரையாடலால்தான். 1928இல் ஜெர்மானிய இயற்பியலாளர் சாமர்பெல்டு சென்னைக்கு வந்தபோது, அவர் தங்கியிருந்த விடுதிக்கே இந்தக் கல்லூரி மாணவர் தேடிச் சென்றார். தாம் கற்றிருந்த இயற்பியல் பழையதாகிவிட்டது என அங்கு அறிந்தார். வெளிவராத ஆய்வுரை ஒன்றின் அச்சுப்படியையும் பெற்று வந்தார். இரண்டாண்டுகளில், பத்தொன்பது வயதில், இங்கிலாந்து செல்லும் கப்பலிலேயே தம் புகழ்பெற்ற கணக்கைத் தொடங்கிவிட்டார்.

அந்தக் கணக்கு சொல்வது இதுதான். எரிபொருள் தீர்ந்த விண்மீன் தன் எடையாலேயே உள்நோக்கிச் சுருங்குகிறது. சூரியனை ஒத்த நிறை, பூமியை ஒத்த பருமனுக்குள் ஒடுங்கும்போது, எலக்ட்ரான்களின் அழுத்தம் அதைத் தாங்கி நிறுத்துகிறது, அதுவே வெண்குறுமீன். எல்லா விண்மீன்களும் முடிவில் இப்படியே அமைதியடையும் என அறிஞர்கள் நம்பியிருந்தனர். சந்திரசேகரோ, சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு நிறைக்கு மேற்பட்டதை அவ்வழுத்தம் தாங்காது, அது மேலும் மேலும் சுருங்கியே தீரும் எனக் காட்டினார்.

அவருக்கு அடுத்துப் பேச எழுந்தவர் சர் ஆர்தர் எடிங்டன். 1919ஆம் ஆண்டின் கிரகணத்தைப் படமெடுத்து ஐன்ஸ்டைனின் கோட்பாட்டை மெய்ப்பித்த குழுவின் தலைவர்; அந்நாளைய வானியலின் அரசர் என்றே சொல்லலாம். சந்திரசேகரின் அறைக்கு அடிக்கடி வந்து கணக்கின் வளர்ச்சியைக் கேட்டுச் சென்றவர். அவருக்குக் கூட்டத்தில் கூடுதல் நேரம் கிடைக்க ஏற்பாடு செய்தவரும் அவரே. தாம் மறுத்துப் பேசப்போவதை மட்டும் சொல்லவில்லை. இத்தகைய முடிவு பொருந்தாதது, விண்மீன் இவ்வாறு நடந்துகொள்வதைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தே ஆகவேண்டும் என அவர் நகைச்சுவையோடு முழங்கினார். அவை சிரித்தது. கணக்கில் பிழை எங்கே என்று எவரும் கேட்கவில்லை. கூட்டம் முடிந்ததும் பலர் வந்து சந்திரசேகருக்கு அனுதாபம் தெரிவித்தனர்.

பின்னர் அவர் கோபன்கேகனிலிருந்த நண்பர் ரோசன்பெல்டுக்கு எழுதினார். ரோசன்பெல்டும் போரும் எடிங்டனின் வாதத்தில் பொருள் காண இயலவில்லை என்றனர். பவுலியும் சந்திரசேகர் பக்கமே நியாயம் எனக் கருதினார். அதே 1935இல் பாரிசில் கூடிய உலக வானியலாளர் மாநாட்டில், எடிங்டனுக்கு விடையளிக்க விரும்பிய சந்திரசேகரை, தலைமை வகித்த அமெரிக்கர் ரசல் பேசாதிருக்கும்படி கேட்டுக்கொண்டார். தனிமையிலோ, எடிங்டன் சொல்வதைத் தாங்கள் நம்புவதில்லை என்று அவரும் சொன்னார். எல்லாரும் உடன்பட்டனர், எவரும் அவையில் எழவில்லை. கால் நூற்றாண்டு கழித்துச் சென்னையில் முகமறியாத மாணவர்களைப் பொதுவில் பாராட்டிய அதே போர், அன்று பொதுவில் பேசவில்லை என்பதை நாம் வருத்தத்தோடு குறிக்கிறோம்.

எடிங்டன் மறுத்தது குற்றமன்று. மறுப்பதே கருத்தரங்கின் உயிர். அவர் தீயவரும் அல்லர். முதல் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்த, குவேக்கர் சபையைச் சேர்ந்த அமைதி விரும்பி. நம் குருவாகிய அருட்தந்தை லெமேத்ர், பேரண்டம் விரிவடைகிறது என 1927இல் பெல்ஜிய இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரையைக் கவனிப்பாரில்லை. 1930இல் இதே கழகத்தில் எடிங்டனும் பிறரும் அப்பொருளை விவாதித்த செய்தியைப் படித்து, லெமேத்ர் தம் பழைய ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். தமக்கு முன்பே வந்திருந்த கட்டுரையைத் தாம் மறந்துவிட்டதை உணர்ந்த எடிங்டன், அதை உலகறியச் செய்தார். ஒருவரின் குரலை உயர்த்தியவரே ஐந்தாண்டுகளில் மற்றொருவரின் குரலை நகைப்பில் மூழ்கடித்தார். மனிதர் அவ்வாறுதான் இருக்கிறோம். ஆகவே நம் கேள்வி எடிங்டனைப் பற்றியதன்று, சிரித்தவர்களையும் பின்னர் அனுதாபம் சொன்னவர்களையும் பற்றியது.

அவர்களைப் பார்க்கையில் யோவான் நற்செய்தியின் நிக்கதேம் நினைவுக்கு வருகிறார். அவர் இயேசுவிடம் முதலில் வந்தது இரவில். ஆயினும் ஏழாம் அதிகாரத்தில், தலைவர்கள் கூடிய அவையில், ஒருவரின் வாக்குமூலத்தைக் கேளாமல் நம் சட்டம் அவருக்குத் தீர்ப்பளிக்கிறதா என்று அவர் கேட்டுவிடுகிறார். நீரும் கலிலேயரோ என்று ஏளனமே அவருக்கு விடையாகக் கிடைத்தது. கவனியுங்கள்: இயேசுவே மெசியா என அவர் அங்கு அறிக்கையிடவில்லை, நீண்ட வாதமும் செய்யவில்லை. ஒரு கேள்வி, அவ்வளவே. இலண்டனிலும் அவ்வளவே தேவைப்பட்டது.

எப்போதும் பேசியாக வேண்டுமா? இல்லை. செய்யாதே என்னும் கட்டளை எந்நேரமும் கட்டுப்படுத்தும். செய் என்னும் கட்டளை உரிய இடத்திலும் உரிய வேளையிலும்தான் கட்டுப்படுத்தும் என அறநெறி இறையியல் கற்பிக்கிறது. மௌனத்தால் இறைமாட்சிக்கோ அயலாரின் நன்மைக்கோ ஊறு நேரும் வேளையில் விசுவாசத்தை வெளிப்பட அறிக்கையிடக் கடமையுண்டு என்பது அக்குவினாசின் கருத்து. இதை அறிவியல் உண்மைக்கும் விரித்துப் பார்ப்பதில் தவறில்லை. அன்று அவையில் இருந்தோருக்கும் விலகி நின்றோருக்கும் சாக்குகள் பல இருந்தன: எமக்கு இது துறையன்று, எடிங்டன் பெரியவர், பகை எதற்கு. இவற்றினும் கவர்ச்சியான சாக்கு ஒன்று உண்டு: உண்மை எப்படியும் ஒருநாள் வெளிவரும். வெளிவரத்தான் செய்தது. 1983இல் சந்திரசேகர் நோபெல் பரிசு பெற்றார். அவர் கணக்கு சுட்டிய கருந்துளைகள் இன்று பள்ளிப் பாடம். ஆனால் அச்சாக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. உண்மைக்குப் பாதுகாவலர் தேவையில்லைதான். அதைச் சொல்ல எழுந்து நின்ற மனிதருக்குத் தேவை. அவையோர் கடன்பட்டிருந்தது விண்மீன்களுக்கு அன்று, அந்த இளைஞருக்கு. அவர் அத்துறையை ஒரு நூலாக எழுதி முடித்து 1939இல் வெளியிட்டு, வேறு ஆராய்ச்சிக்குச் சென்றார். இளமையில் பெரும்புகழ் கிட்டாமற்போனது தமக்கு நன்மையே என அவர் பிற்காலத்தில் கருதியதுண்டு. 1982இல் கேம்பிரிட்ஜுக்கே சென்று எடிங்டனைப் போற்றி உரைகளும் ஆற்றினார். அது அவருடைய பெருந்தன்மை. மற்றவர்களின் கடன் அதனால் தீர்ந்துவிடவில்லை.

நம் பங்குகளில் இயற்பியல் கருத்தரங்கு இல்லை. பங்குப் பேரவை இருக்கிறது, அன்பியக் கூட்டம் இருக்கிறது. இதே மாவட்டத்தில் முன்னர் நாம் பணிபுரிந்த ஒரு பங்கில், கல்லறைத் தோட்டத்தின் குறுக்கே ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு இந்தப் புறம் ஒரு சாதியார், அந்தப் புறம் தலித் மக்கள். பேரவைக் கூட்டத்தில் அந்தப் புறத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் எழுந்து, "உயிர்த்தெழுறப்போ இந்தச் சுவர யார் ஏறிக் குதிக்கணும்?" என்று கேட்டார். "நீ சாவறதுக்கு இன்னும் நாள் கெடக்கே தம்பி, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றார் பெரியவர் ஒருவர். கூட்டம் சிரித்தது. இளைஞர் அமர்ந்துவிட்டார். நாம் தலைமை நாற்காலியிலிருந்து திருச்சபையின் போதனையை எடுத்துரைத்தோம். எவரும் மறுக்கவில்லை, எவரும் ஏற்கவுமில்லை. சாமியார் சொல்வதைச் சொல்வார் என்ற முகங்கள். அண்டை வீட்டார் சொல்ல வேண்டியதைப் பங்குத்தந்தை சொன்னால் அது வேறொன்றாகிவிடுகிறது.

அன்று மாலை விளக்கு வைத்ததிலிருந்து பத்து மணிவரை, இந்தப் புறத்தைச் சேர்ந்த எழுவர், ஒருவர் அறியாமல் ஒருவராக, நம் இல்லத்திற்கு வந்தனர். "பையன் கேட்டது நியாயந்தான் சாமி" என்றே எழுவரும் சொன்னார்கள். இதை அடுத்த மாதக் கூட்டத்தில் சொல்வீர்களா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டோம். சொல்கிறோம் என்று எவரும் வாக்களிக்கவில்லை.

அடுத்த மாதம் அவர்களில் நால்வர் எழுந்தனர். முதலில் எழுந்தவர், "போன மாசம் அந்தத் தம்பி கேட்டதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலியே" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார். இம்முறை யாரும் சிரிக்கவில்லை. சுவர் விழ மேலும் ஒன்றரை ஆண்டு பிடித்தது. அதன் செங்கற்களைக் கொண்டு கல்லறைத் தோட்டத்துக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்பினார்கள்.